ஊர்ப் பள்ளியும் ஊராரின் பங்கும்

கண்மாய்க் கரையில் உடைப்பு ஏற்பட்டால் யாரும் அழைக்காமலேயே ஊர் திரண்டுவிடுகிறது. அம்மன் கோயில் கொடை நெருங்கினால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வகுத்து, வெளியூர் சென்று பிழைப்போரிடமும் தவறாது வசூலித்துவிடுகிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியின் குடிநீர்க் குழாய் உடைந்து ஒரு வாரம் தண்ணீர் வீணே ஓடினாலும், "அது சர்க்கார் பள்ளிக்கூடம், சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்ற பேச்சே பெரும்பாலும் காதில் விழுகிறது. கண்மாயையும் கோயிலையும் தமதென்று கருதும் மக்கள், தம் பிள்ளைகள் பகல் முழுதும் இருக்கும் இடத்தை மட்டும் பிறருடையது என்று எண்ணுவது ஏன்? கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் அனைவரும் இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். மக்களுக்கு அக்கறையில்லை என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. ஆயின் அது உண்மையன்று என்பதற்கு நம் மாநில வரலாறே சான்றாக நிற்கிறது.

1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய பொழுது, அது பெரும்பாலும் ஊரார் கொடுத்த தானியத்தையும் காய்கறியையும் விறகையும் நம்பியே நடந்தது. பின்னர் அரசு மானியம் வழங்க முன்வந்தது. ஓர் உணவுக்கு 10 புதுக்காசு செலவு எனக் கணக்கிட்டு, அதில் 6 காசை அரசு தந்தது. எஞ்சிய 4 காசு ஊரின் பொறுப்பாயிற்று. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற புதுமுயற்சி தோன்றியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அதனை மாநிலம் முழுவதும் பரப்பினார். மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று பட்டியல் எழுதப்படும். அப்பட்டியலைக் கண்டு ஒருவர் நிலம் கொடுப்பார், ஒருவர் கரும்பலகை கொடுப்பார், மற்றொருவர் பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பார். 1964 முதல் 1966 வரை நாடு முழுதும் ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழுவும் சென்னை மாநிலத்தின் இம்முயற்சியைத் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டியது.

இவ்வளவு ஈடுபாடு காட்டிய ஊர்கள் பின்னர் விலகியது எவ்வாறு? 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்ததும், ஜில்லா போர்டுகள் நடத்திவந்த தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களிடம் வந்து சேர்ந்தன. 1981-இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஆசிரியர்கள் ஆயினர். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்ததும் உணவின் செலவு முழுவதையும் அரசு ஏற்றது. இவை ஒவ்வொன்றும் தேவையான, நன்மை பயத்த மாறுதல்களே. ஒரு குழந்தையின் வயிறு ஊராரின் தாராள மனத்தை எதிர்பார்த்திருப்பது முறையன்று. வறண்ட ஊரில் 4 காசு சேர்வதே அரிதாயிருந்தது. எனினும் அந்த 4 காசோடு வேறொன்றும் போயிற்று. தான் கொடுத்த அரிசி உலையில் விழுந்ததா என்று கேட்கும் வழக்கம் போயிற்று. கொடுப்பவன் கணக்குக் கேட்பான். பெறுபவன் கேட்கத் தயங்குவான். இன்று நாம் மீட்டெடுக்க விரும்புவது அந்தக் கணக்குக் கேட்கும் வழக்கத்தைத்தான். பழைய நன்கொடையை அன்று.

கொடுக்காமலேயே கேட்கும் உரிமையைப் பெற்றோருக்குச் சட்டமே வழங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும் என்கிறது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்தம் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் அளித்தல் வேண்டும். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்தல், வந்த மானியம் செலவான வகையைக் கவனித்தல் ஆகியவை குழுவின் கடமைகள். அடுத்த 22-ஆம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. அதுவே உயிர்நாடி என்பது நம் கருத்து. குழு தயாரிக்கும் வளர்ச்சித் திட்டத்தையே பள்ளிக்கு வழங்கும் மானியத்துக்கு அடிப்படையாகக் கொள்ளல் வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது. அஃதாவது, அலுவலகத்தில் அமர்ந்து நாம் ஒதுக்குவதை ஊர் பெற்றுக்கொள்வது என்ற முறை தலைகீழாகி, ஊர் எழுதுவதை அலுவலகம் படித்து விடையளித்தல் என்ற முறை வந்துள்ளது.

நம் மாநிலத்தில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாகத் திருத்தி அமைக்கப்பட்டன. 2024-இல் மறுபடியும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. பிள்ளையின் தாய் ஒருவரே தலைவராதல் வேண்டும் என்பது நம் மாநில ஏற்பாடு. தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகியோரும் உறுப்பினர்.

இனி ஓர் ஐயம் எழலாம். குழு அமைத்து, உரிமைகளை எடுத்துச் சொல்லிவிட்டால் பள்ளி திருந்திவிடுமா? இதனை உத்தரப் பிரதேசத்து ஜான்பூர் மாவட்டத்தில் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோரும் அவர்தம் துணைவர்களும் பிரதம் என்னும் கல்வித் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அதை நடத்தினர். அங்கே கிராமக் கல்விக் குழுக்கள் முன்பே இருந்தன. ஆனால் குழு ஒன்று இருப்பதே பெற்றோர் பலருக்குத் தெரியாது. உறுப்பினராய் இருந்தவர்களிலேயே சிலர் தாம் உறுப்பினர் என்று அறியாதிருந்தனர்! சில கிராமங்களில் கூட்டம் கூட்டிக் குழுவின் அதிகாரங்களை விளக்கினார்கள். வேறு சிலவற்றில் பிள்ளைகளின் படிப்புத் திறனை ஊராரே சோதித்தறியவும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னும் சிலவற்றில் இவற்றோடு நிற்காமல், ஊர் இளைஞருக்குப் பயிற்சி தந்து மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். விளைவு என்ன? விளக்கக் கூட்டம் மட்டும் நடந்த ஊர்களில் பெற்றோரின் ஈடுபாடும் மாறவில்லை; பள்ளியும் மாறவில்லை. இளைஞர் வகுப்பு நடத்திய ஊர்களிலோ, அவ்வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர்.

இச்சோதனையைச் சுட்டிக்காட்டி, 'மக்கள் பங்கேற்பு என்பதெல்லாம் வீண்' என்று சொல்வாரும் உளர். அதே சோதனை நமக்கு வேறு பாடத்தைத் தருகிறது. செய்வதற்கு ஒரு குறிப்பிட்ட வேலை கையில் இருந்தபோது ஊரார் வந்தார்கள். அதிகாரம் இன்னது என்று வாயால் சொன்னபோது வரவில்லை. நம் மாநிலத்திலும் இதனைக் கண்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடியிருந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர் முன்வந்து தெருத் திண்ணையிலும் சாவடியிலும் மாலை வகுப்பு நடத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அக்காலத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தோர், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இவ்வகுப்புகளே காரணம் என்றும் கணித்தனர். அலுவலர் எவரும் வற்புறுத்தி இத்தனை பேரைத் திரட்டியிருக்க இயலாது.

ஆனால் எல்லா வேலையும் தன்னார்வத் தொண்டால் முடிவதன்று. மேற்கூரையைத் தன்னார்வலர் போட முடியாது. இரண்டாவது ஆசிரியரை ஊர் நியமிக்க முடியாது. அவற்றுக்கு ஊர் அரசைத்தான் கேட்டல் வேண்டும். கேட்பவர் யார் என்பதை இங்கு ஒளிவுமறைவின்றிப் பேசுதல் நலம். கிராமத்தில் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் காலையில் மஞ்சள் நிற வண்டியேறி வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். அலுவலகத்தில் எவரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்றறிந்த குடும்பங்கள் அவையே. ஒன்றியப் பள்ளியில் எஞ்சியிருப்பவை, பெரும்பாலும் கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே இக்குழுவின் பெற்றோர் உறுப்பினருக்குச் சட்டம் தந்த அதிகாரம் உண்டு; செல்வாக்கு இல்லை. அவர்கள் கேட்டதற்கு விடை வராவிட்டால், அடுத்த மேசையைத் தட்டும் வழி அவர்களுக்குத் தெரியாது. இரண்டு முறை கேட்பார்கள். மூன்றாம் முறை கூட்டத்துக்கே வரமாட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு, கடன் வாங்கியேனும் பிள்ளையை மஞ்சள் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இருபது பிள்ளைகளுக்கும் குறைந்துபோன பள்ளிகள் பல, இவ்வாறே சிறுத்தவை.

ஆதலின், பள்ளி மேலாண்மைக் குழு உயிரோடிருப்பதும் மடிவதும் ஒன்றியத்தைப் பொறுத்தவரை ஒரே செயலில் அடங்கியுள்ளது என்போம். குழுவின் தீர்மானத்துக்கு எழுத்து மூலம் மறுமொழி செல்கிறதா இல்லையா என்பதே அது.

முதலில் தீர்மானம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று பார்ப்போம். நமக்கு வரும் தீர்மானங்களில் பாதி, "பள்ளிக் கட்டடம் பழுதடைந்துள்ளது, ஆவன செய்யக் கோரித் தீர்மானிக்கப்பட்டது" என்ற ஒரே அச்சில் வார்த்தவை. இதைப் படிக்கும் பொறியாளருக்கு எந்த அறை, எந்தச் சுவர், எவ்வளவு நீளம் என்பது விளங்காது. கோப்பு பயணம் போகும்; பதில் வராது. இதற்கு மாறாக இப்படி எழுதிப் பார்க்கலாம்: "இரண்டாம் வகுப்பறையின் வடமேற்கு மூலையில் மேற்கூரைக் காரை நாலடி நீளத்துக்குப் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை பெய்தால் அவ்விடத்தில் ஒழுகுகிறது. அவ்வறையில் அமரும் பிள்ளைகளைச் சத்துணவுக் கூடத் தாழ்வாரத்தில் அமர்த்தியுள்ளோம். மழைக்காலத்துக்கு முன் பழுதுபார்த்துத் தர வேண்டும்." இதற்கு எந்த இலக்கண நயமும் தேவையில்லை. கண்ணால் கண்டது, எங்கே, எவ்வளவு, எதற்குள் என்ற நான்கும் இருந்தால் போதும்.

இவ்வாறு எழுத வேண்டுமாயின் குழுவினர் பள்ளியை நடந்து பார்த்தல் வேண்டும். வளர்ச்சித் திட்டம் என்பது படிவத்தை நிரப்பும் வேலை என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. பல இடங்களில் தலைமையாசிரியரே இரவில் விழித்திருந்து படிவத்தை நிரப்பிவிட்டு, மறுநாள் வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கி வருகிறார். பாவம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மேலிருந்து கெடு வைப்பவர்கள் நாம்தாம். எனினும் இப்பழக்கம் அறவே ஒழிதல் வேண்டும்.

பத்துத் தாய்மார் ஒரு மாலை, மணி அடித்தபின், தம் பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி வரட்டும். வாயிற்கதவிலிருந்து தொடங்கட்டும். கதவு சாத்துகிறதா, மாடு உள்ளே வருகிறதா? கழிப்பறை இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா? 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு எல்லாப் படிவத்திலும் 'ஆம்' என்ற விடை இருக்கும். 'நேற்று எத்தனை பெண் பிள்ளைகள் அதைப் பயன்படுத்தினர்' என்று பிள்ளைகளையே கேட்டால்தான் உண்மை வெளிப்படும். சாய்தளம் போட்டிருக்கிறார்கள், நடக்க இயலாத பிள்ளையின் வண்டி அதில் ஏறுகிறதா, அல்லது அதன் முடிவில் ஒரு படி நிற்கிறதா? தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி உண்டா? கிணறு மூடியிருக்கிறதா? எந்தச் சுவரோரம் பிள்ளைகள் விளையாட அஞ்சுகிறார்கள்?

கடைசிக் கேள்வியை இலேசாகக் கருதலாகாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆய்ந்து, உறுதியற்றவற்றை இடிக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது. பொறியாளர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார். சுவரின் விரிசல் அகலமாகிறதென்பது அதன் நிழலில் நாள்தோறும் நிற்பவர்க்கே முதலில் தெரியும்.

நம் ஒன்றியத்து ஊர் ஒன்றில் புதுக் கழிப்பறைச் சுவர் எழுப்பிப் பூசி முடித்த வாரம், குழுக் கூட்டத்தில் ஓர் அம்மையார் எழுந்து, "பூசின சுவருக்கு ரெண்டு நாள்தான் தண்ணி ஊத்தினாங்க, வெடிச்சுப் போகும்" என்றார். அவர் பக்கத்து ஊரில் சித்தாள் வேலைக்குச் செல்பவர். எத்தனை நாள் நீர் விட வேண்டும் என்பதை ஒப்பந்தக்காரரைவிட நன்கறிந்தவர். அவர் சொல்லைத் தலைமையாசிரியர் அப்படியே குறிப்பேட்டில் ஏற்றினார். உதவிப் பொறியாளர் சென்று பார்த்தார். குறையைச் சரிசெய்த பிறகே பட்டியல் தொகை வழங்கப்பட்டது. கல்வியறிவு குறைந்தவர்கள் பள்ளியை என்ன கண்காணிக்க முடியும் என்று கேட்போருக்கு இதற்குமேல் நாம் விடை சொல்ல வேண்டியதில்லை.

இனி மறுமொழிக்கு வருவோம். தீர்மானம் எந்த அலுவலகத்துக்குரியது என்பதில்தான் முதற் குழப்பம் நேர்கிறது. கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை ஆகியவை ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் உரியவை. ஆசிரியர் பணியிடம், பாடநூல், கற்பித்தல் ஆகியவை வட்டாரக் கல்வி அலுவலருக்குரியவை. சத்துணவுப் பிரிவு நம் அலுவலகத்திலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைக்கின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய் இத்தனை வாயில்களையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? ஊர் ஒரே இடத்தில் தாள் கொடுக்கட்டும். உரிய இடத்துக்கு அனுப்புவது அலுவலகங்களின் பாடு.

இதற்கென ஒரு பதிவேடு வைத்தல் போதும். தீர்மானம் வந்த நாள், ஊர், வேண்டுகோள், பொறுப்பான அலுவலர், மறுமொழி சென்ற நாள், அம்மறுமொழியின் சாரம் என ஆறு பத்திகள். மறுமொழி மூவகையில் ஒன்றாய் இருக்கும். 'ஆம், இன்ன மாதத்துக்குள்' என்பது ஒன்று. 'ஆம், ஆனால் நிதி அடுத்த ஆண்டே. அதுவரை இந்தத் தற்காலிக ஏற்பாடு' என்பது மற்றொன்று. 'இயலாது, காரணம் இது' என்பது மூன்றாவது. மூன்றாம் வகை விடையைக் கண்டு அலுவலர் பலர் கூச்சப்படுகிறார்கள். எதிர்ப்பு வரும் என அஞ்சி, விடையே அனுப்பாது விடுகிறார்கள். நாம் கண்டவரையில் ஊரார் மறுப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள், மௌனத்தைப் பொறுப்பதில்லை. நூலக அறை வேண்டுமென்று கேட்ட ஓர் ஊருக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி தனி அறைக்கு வழியில்லை, இருக்கும் அறையில் சுவர் அலமாரி அமைத்துத் தர இயலும் என்று எழுதினோம். அடுத்த கூட்டத்துக்கு முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். தம் தாளை யாரோ படித்திருக்கிறார் என்பதே அவர்களுக்குப் புதுமையாயிருந்தது.

கூட்டம் நடக்கும் நேரம் பற்றி ஒரு சொல். மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூடுவது என்பது ஏற்பாடு. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொன்னால், ஒரு தாய் அரை நாள் கூலியை இழந்தே வர வேண்டும். அத்தகைய மாதங்களில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் கூடினால் வானம் இடிந்து விழுந்துவிடாது. இடத்தைப் பற்றியும் அவ்வாறே கூறலாம். காலனிப் பிள்ளைகள் பாதிக்கு மேல் படிக்கும் பள்ளியிலும், காலனித் தாய்மார் கூட்டத்தில் கதவோரமாக நின்றுவிட்டுப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். உறுப்பினர் விகிதத்தைச் சட்டம் வகுத்துவிட்டது. நாற்காலியை யார் இழுத்துப் போடுவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வட்டமாகப் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாக அமர்தல் எளிய வழி. ஆண்டில் இரண்டு கூட்டங்களைக் காலனியிலேயே நடத்துவது இன்னும் நல்லது.

ஆசிரியர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. இக்குழு நம்மேல் ஏவப்பட்ட மற்றொரு மேற்பார்வையோ என்று. எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கக் குழுவுக்கு அதிகாரமுமில்லை, தேவையுமில்லை. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தொடர்ந்து தெரிவித்தல் ஆசிரியரின் கடமை என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வியல்லாத பிற பணிகளுக்கு ஆசிரியரை அமர்த்தலாகாது என்றும் கூறுகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூவர் என்று அட்டவணையில் கணக்கும் உண்டு. இரண்டாவது ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு அவரைக் கேட்டு வாதாட, பெற்றோரைவிட உற்ற துணை ஆசிரியருக்கு வேறு யார் கிடைப்பர்? விவரம் அறிந்த தலைமையாசிரியர்கள் குழுவைத் தம் வலக்கையாகவே கொண்டிருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் அதிகப் பணம் வருவதில்லை. ஒருங்கிணைந்த பள்ளி மானியம், 2021-இல் திருத்திய விதிப்படி, முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். நூறு வரை 25,000. இருநூற்றைம்பது வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்காம். சுண்ணாம்புக்கட்டி, துடைப்பம், சிறு பழுது என்று கரைந்துவிடும் தொகை. தொகை சிறிதென்பதாலேயே கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைத்தல் எளிது. வரவு இவ்வளவு, செலவு இன்ன இன்ன, கையிருப்பு இவ்வளவு என்று வாயிலருகே எழுதியிருந்தால், பிள்ளையை அழைக்க வரும் பாட்டி கூடப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வார்.

நன்கொடை வரவேற்கத்தக்கதே. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அமைப்பும் தொடங்கப்பட்டுள்ளது. வெளிநாட்டில் பணிபுரியும் ஒருவர் தாம் படித்த பள்ளிக்கு ஏதேனும் வாங்கித் தர விரும்பினால், குழுவின் தேவைப் பட்டியலை அவரிடம் காட்டுக. அவர் மனத்தில் தோன்றியதை வாங்கி அனுப்பவிட்டால், கடிகாரங்களும் கண்ணாடிப் பேழைகளும் சேரும், குடிநீர்த் தொட்டி வராது. ஆனால் ஒன்று: பங்கேற்பு என்ற பெயரால் அரசு செய்ய வேண்டியதை ஊரார் தலையில் இறக்கி வைக்கும் போக்குக்கு நாம் உடன்படவில்லை. செல்வமுள்ள ஊர் அதிகம் தரும்; வானம் பார்த்த பூமியில் வாழும் ஊர் என்ன தரும்? நன்கொடையின் அளவைக் கொண்டு ஓர் ஊரின் அக்கறையை அளக்கப் புகுந்தால், எளிய ஊர்ப் பிள்ளைகள் இருமுறை தண்டிக்கப்படுவார்கள்.

ஊராட்சிப் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் குழு எவ்வாறு இயங்கும் என்று சிலர் கேட்கின்றனர். 2016 முதல் 2019 முடிய உள்ளாட்சித் தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினர். அத்தகைய காலங்களில் ஊரின் குரலைப் பதிவு செய்யத் தேர்ந்தெடுத்த மன்றம் வேறு இல்லாதிருக்கும்போது, பெற்றோர் குழுவின் தீர்மானத்துக்கு மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது. உள்ளாட்சி உறுப்பினர் இடம் காலியாய் இருப்பதால் கூட்டம் நடத்தாமல் விடுவது பொருந்தாது.

பள்ளி வளர்ச்சித் திட்டம் நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்னரே, அஃதாவது டிசம்பர் இறுதிக்குள், முடிவாதல் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குரிய தேவைகளை ஆண்டு வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். நவம்பரிலேயே பள்ளியைச் சுற்றிப் பார்த்து, தேவைகளுள் உயிருக்கு ஊறு விளைவிக்கக் கூடியதை முதலிலும், பிள்ளைகள் வருகையைத் தடுப்பதை அடுத்தும், ஏனையவற்றைப் பின்னும் வரிசைப்படுத்துக. கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. ஒரு படி பள்ளியில் இருக்கட்டும். ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு. ஒரு படி ஒன்றிய அலுவலகத்துக்கு. ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையில் அதே திட்டத்தைத் தலைவராயிருக்கும் தாயே எழுந்து படிக்கட்டும். ஒன்றிய அலுவலகத்தில் தாளைக் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இட்ட நகலைக் கேட்டு வாங்கிச் செல்ல மறவாதீர்கள்.